சர்வர் டைரக்டரிகள் எதற்கு, பெர்மிஷன் என்ன, ஏன்: தமிழில் எழுதி வைப்பது எப்படிங்க?

நொய்யல்கரை (திருப்பூர்) கேட்டது:

வணக்கமுங்க. பனியன் கம்பெனி ஒன்றின் சர்வர். உபுண்டு 22.04. அதில் மூன்று வேலை நடக்குது. டிசைன் ஃபைல்களை மெர்ச்சண்டைசர்களும் பிரிண்டிங் செக்‌ஷனும் விண்டோஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து சாம்பா (லினக்ஸ் ஃபைல்களை விண்டோஸுக்குக் காட்டும் மென்பொருள்) வழியாகத் திறக்கிறாங்க. பீஸ் ரேட் கணக்குக்கு போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் ஓடுது. இரவு 11 மணிக்கு வெளி ஹார்ட் டிஸ்க்குக்கு பேக்கப் போகுது.

எந்த டைரக்டரி எதற்கு, யார் படிக்கலாம், யார் எழுதலாம், ஏன் அப்படி என்று எழுத்தில் வேணும்னு பையர் ஆடிட்டில் கேட்டிருக்காங்க. நைட் ஷிஃப்ட் பார்க்கிறவங்களும் அதையே வச்சுத்தான் வேலை செய்யணும், அதனால் தமிழில் எழுதணும். பாதைப் பெயர்களையும் கட்டளைகளையும் நாம வாயில் சொல்ற மாதிரியே இங்கே எழுதுறேன்.

இப்போதைய நிலைமை: /எஸ்ஆர்வி/டிசைன் ஒட்டுக்கா 777, அதாவது யார் வேணாலும் எதையும் செய்யலாம். /வார்/லாக் 777. /ஈடிசி/லாக்ரொட்டேட்.டி-க்குள் இருக்கும் ஃபைல்களும் 777. சிஸ்லாக் (சிஸ்டத்தின் பொது லாக்) ரொட்டேட் ஆகாமல், அதாவது பழையது தனியாகப் பிரியாமல், வளர்ந்துகிட்டே போகுது.

ரூட் டைரக்டரியிலிருந்து (/) இருக்கிற எல்லா டைரக்டரியையும் எழுதணுமா? ஒவ்வொன்றுக்கும் என்னென்ன விவரம் வேணும்? 777-ஐ ஷிஃப்ட் நிற்காமல் எப்படி இறக்குறது?

---

சென்னிமலை எழுதியது:

எல்லாத்தையும் எழுத வேண்டாங்க. அப்படி எழுதின ஆவணத்தை யாரும் படிக்க மாட்டாங்க, மூணு மாசத்தில் பழசாயிடும். உபுண்டு கொண்டுவந்து வச்ச டைரக்டரி எது, நீங்க உண்டாக்கினது எது, உபுண்டு வச்சதில் நீங்க மாத்தினது எது என்று முதலில் பிரிச்சுக்குங்க. பின்னால் சொன்ன இரண்டையும்தான் விரிவா எழுதணும்.

உபுண்டு வச்சதுக்கெல்லாம் பொது விதி ஏற்கெனவே இருக்கு. ஃபைல்சிஸ்டம் ஹையரார்க்கி ஸ்டாண்டர்டின் 3.0 பதிப்பு 2015-இல் வந்தது. டெர்மினலில் மேன் ஹையர் என்று அடிச்சாலும் சுருக்கம் கிடைக்கும். ஆவணத்தில் இதுக்கு ஒரு பக்கம் போதும். /ஈடிசி இந்த மெஷினுக்கான அமைப்புகள். /யுஎஸ்ஆர் பேக்கேஜ் மேனேஜரின் இடம், கையால் எதையும் வைக்கக் கூடாது. நாமே எழுதின ஸ்கிரிப்ட் /யுஎஸ்ஆர்/லோக்கல்/பின்-க்குப் போகணும். /வார் ஓடும்போது வளர்கிற லாக், டேட்டாபேஸ், மெயில் வரிசை. /எஸ்ஆர்வி இந்த மெஷின் மத்தவங்களுக்குப் பரிமாறுகிற டேட்டா; உங்க டிசைன் ஃபைல்களுக்கு அது சரியான இடந்தான். /ப்ராக், /சிஸ் இரண்டும் டிஸ்க்கில் இல்லை, கெர்னல் காட்டுகிற தோற்றம், அவற்றை ஆவணத்தில் சேர்க்காதீங்க.

அந்த ஒரு பக்கத்தில் எண்ணோடு கட்டாயம் இருக்க வேண்டியவை சில உண்டு. எண்ணின் கடைசி மூணு இலக்கம் ஓனர், குரூப், மற்றவங்க; ஒவ்வொன்றும் ஆர் (படிக்க) 4, டபிள்யூ (எழுத) 2, எக்ஸ் (இயக்க) 1 கூட்டினது. /டிஎம்பி 1777. /ரூட் 700. /ஈடிசி/ஷேடோ (பாஸ்வேர்ட் ஃபைல்) 640, ஓனர் ரூட் (நிர்வாகி யூசர்), குரூப் ஷேடோ. /ஈடிசி/சூடோயர்ஸ் 440. /வார்/லாக் 775, குரூப் சிஸ்லாக். போஸ்ட்கிரெஸின் டேட்டா டைரக்டரி /வார்/லிப்/போஸ்ட்கிரெஸ்க்யூஎல்/14/மெயின் 700. இந்தக் கடைசியை யாராச்சும் 777 ஆக்கிட்டா டேட்டாபேஸ் அடுத்த தடவை எழுந்திருக்காது. 700 அல்லது 750 தவிர எதையும் அது ஏத்துக்காது. யூசர்களின் ஹோம் டைரக்டரி உபுண்டு 21.04 முதல் 750. அதற்கு முன்பு 755. பழைய மெஷினிலிருந்து வந்தவங்க வெப் சர்வர் ஹோமுக்குள் இருக்கும் ஃபைலைப் படிக்க முடியலைன்னு 777 போடுவது இங்கேதான் தொடங்குது. அந்த ஃபைலை /எஸ்ஆர்வி-க்கு மாத்திட்டாலே பிரச்சினை தீர்ந்துடும்.

தமிழில் எழுதுறப்போ ஒரு சொல்லைப் பார்த்துப் போடுங்க. ஆர், டபிள்யூ, எக்ஸ் மூணையும் "படி, எழுது, இயக்கு" என்றே எல்லாரும் மொழிபெயர்க்கிறாங்க. ஃபைலுக்கு அது சரி. டைரக்டரிக்குத் தப்பு. டைரக்டரியில் ஆர் என்பது உள்ளே இருக்கும் பெயர்களைப் பட்டியலாகப் பார்ப்பது. டபிள்யூ என்பது பெயரைச் சேர்ப்பது, நீக்குவது, மாத்துவது. எக்ஸ் என்பது அந்த வழியாக உள்ளே போறது. அதனால் "பட்டியல், சேர்-நீக்கு, நுழை" என்று எழுதுங்க. இந்த ஒரு மாற்றத்தால் பாதிக் கேள்வி குறைஞ்சிடும். ஃபைல் 444-ஆக இருந்தும் ஏன் அழிஞ்சுதுன்னு கேட்பாங்க. அழிப்பது ஃபைலின் பெர்மிஷனைப் பொறுத்தது இல்லை, அது இருக்கும் டைரக்டரியில் சேர்-நீக்கு இருக்கா என்பதைப் பொறுத்தது. ஃபைல் 644-ஆக இருந்தும் ஏன் திறக்க முடியலைன்னு கேட்பாங்க. மேலே ஏதோ ஒரு டைரக்டரியில் நுழை இல்லை. நேம்இஐ கட்டளையை எல் தெரிவோடு அந்தப் பாதைக்கு ஓட்டினால், ரூட்டிலிருந்து ஒவ்வொரு படியின் பெர்மிஷனையும் வரிசையாகக் காட்டும். எந்தப் படியில் நிக்குதுன்னு அதிலேயே தெரியும்.

முன்னால் வரும் நாலாவது எண்ணையும் சொல்லில் எழுதுங்க. 1 என்றால் "தன்னுடையதை மட்டும் நீக்கலாம்". புளியம்பட்டிச் சந்தையில் யார் வேணாலும் கடை விரிக்கலாம், அடுத்தவர் கடையைப் பிரிக்க முடியாதில்லைங்களா, /டிஎம்பி அந்த மாதிரி. டைரக்டரியில் 2 என்றால் "உள்ளே புதுசா வருவது இந்தக் குரூப்பிலேயே சேரும்". வெறும் 2770 என்று எழுதினால் நைட் ஷிஃப்டில் இருப்பவருக்கு அந்த 2 எதுக்குன்னு தெரியாது. அது வேண்டாம்னு கழட்டிவிடுவார்.

உங்க டைரக்டரிக்கு ஒரு பதிவு இந்த மாதிரி இருக்கட்டும்:

பாதை: /எஸ்ஆர்வி/டிசைன்
பயன்: பிரிண்டிங்குக்குப் போகும் இறுதி டிசைன்கள், பையர் வாரியாக ஒரு ஃபோல்டர்
ஓனர், குரூப், எண்: ரூட், டிசைன், 2770
எழுதுபவர்: டிசைன் குரூப், சாம்பா வழியாக மட்டும்
படிக்க மட்டும்: பிரிண்டிங் குரூப், ஏசிஎல் (ஓனர், குரூப் தவிர மற்றவருக்கும் தனியாக உரிமை தரும் பட்டியல்) மூலம்
ஏன்: ஒருவர் வைத்த டிசைனை மற்றவர் திருத்த வேண்டும், இந்த இரண்டு குரூப்புக்கும் வெளியே யாரும் பார்க்கக் கூடாது
மாறினால்: 2 போனால் புது ஃபைல் எழுதினவரின் சொந்தக் குரூப்பில் விழும், அடுத்தவரால் திருத்த முடியாது. கடைசி 0 என்பது 5 ஆனால் சர்வரில் கணக்கு உள்ள எல்லாரும் உள்ளே நுழைந்து டிசைன்களின் பட்டியலைப் பார்க்கலாம்
பேக்கப்: உண்டு, இரவு 11
கடைசியாக மாத்தின தேதி, காரணம்

"மாறினால்" என்ற வரியை விட்டுடாதீங்க. அந்த வரி இல்லாததால்தான் 777 வருது. எண்ணைப் பார்க்கிறவர் அதை ஒரு தடையாகத்தான் பார்ப்பார். அது எதைக் காப்பாத்துதுன்னு எழுதி வச்சால்தான் கை தயங்கும்.

---

கூடுதுறை (பவானி) எழுதியது:

777-ஐ இறக்கும் வேலைக்கு மட்டும் சொல்றேன். வரிசை முக்கியம்.

முதலில் இப்போ இருக்கிற நிலையை அப்படியே எடுத்து வையுங்க, அது கெட்ட நிலையாக இருந்தாலும். கெட்எஃப்ஏசிஎல் கட்டளையை உள்ளே எல்லாம் போகும் தெரிவு, பெரிய ஆர், முழுப்பாதைத் தெரிவு, சிறிய பி, இரண்டோடும் /எஸ்ஆர்வி-க்கு ஓட்டி, விடையை ஒரு ஃபைலில் திருப்பி விடுங்க. ஓனர், குரூப், 2, 1 முதலிய கொடிகள், ஏசிஎல் எல்லாம் அதில் வந்துடும். ஏதாச்சும் தப்பாப் போனால் செட்எஃப்ஏசிஎல் ரெஸ்டோர் தெரிவுக்கு அந்த ஃபைலைக் கொடுத்தால் பழைய நிலை வந்துடும். சிறிய பி போடலைன்னா பாதையின் முதல் சாய்கோடு கழண்டுடும். அப்புறம் ரெஸ்டோர் செய்யறப்போ ரூட் டைரக்டரியில் நின்றுதான் ஓட்டணும்.

அடுத்தது குரூப். டிசைன் குரூப்பை உண்டாக்கி ஆட்களைச் சேர்க்கும்போது யூசர்மாடில் பெரிய ஜி-யோடு சிறிய ஏ-யும் கட்டாயம். ஏ இல்லாட்டி அந்த யூசர் இருந்த மற்ற குரூப் எல்லாத்திலிருந்தும் நீக்கப்படுவார். அவர் சூடோ குரூப்பில் இருந்தவர்னா நிர்வாக உரிமையும் போயிடும். சேர்த்த பிறகு அவங்க வெளியேறி மறுக்கா உள்ளே வரணும். சாம்பாவிலும் விண்டோஸ் பக்கம் இணைப்பை அறுத்துத் திரும்ப இணைக்கணும். குரூப் பட்டியல் உள்ளே நுழையும்போது ஒரு தடவைதான் எடுக்கப்படும்.

பிறகு முதலில் சிஎச்ஓன் (ஓனர், குரூப்பை மாத்துவது), அதன்பின் சிஎச்மாட் (எண்ணை மாத்துவது). மாத்திச் செய்யாதீங்க, சிஎச்ஓன் ஓடும்போது இயக்கக்கூடிய ஃபைல்களின் செட்யூஐடி, செட்ஜிஐடி கொடிகளை (முன்னால் வரும் எண்ணில் 4, 2) கெர்னலே கழட்டிவிடும்.

சிஎச்மாடில் பெரிய எக்ஸ் போட்டால் டைரக்டரிக்கு மட்டும் நுழை கிடைக்கும்னு நிறையப் பேர் எழுதறாங்க. உங்க விஷயத்தில் அது உதவாது. பெரிய எக்ஸ், ஃபைலில் ஏற்கெனவே யாருக்காச்சும் இயக்க உரிமை இருந்தால் அதை வச்சுக்கும். 777 போட்ட ஃபைல் எல்லாத்திலும் அது இருக்குதே. அதனால் ஃபைண்டில் வகை டி (டைரக்டரி) என்று கொடுத்து 2770, வகை எஃப் (ஃபைல்) என்று கொடுத்து 660, இரண்டு தனி ஓட்டம். யாரும் நிற்க வேண்டியதில்லை. ஏற்கெனவே திறந்திருக்கும் ஃபைல் திறந்தே இருக்கும், சோதனை அடுத்து திறக்கும்போதுதான். ஆனாலும் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் ஒரு பையர் ஃபோல்டருக்கு மட்டும் செய்து, இரண்டு கம்ப்யூட்டரிலிருந்து எழுதிப் பார்த்துட்டு மீதியைச் செய்யுங்க.

பிரிண்டிங் குரூப்புக்கு ஏசிஎல் கடைசியில். இருக்கும் ஃபைல்களுக்கு ஒரு ஓட்டம், இனி வருவதற்கு டிஃபால்ட் ஏசிஎல் ஒரு ஓட்டம், இரண்டும் வேணும். டிஃபால்ட் போடாவிட்டால் இன்றைக்கு எல்லாம் திறக்கும், நாளைக்கு வந்த டிசைன் மட்டும் திறக்காது. ஆவணத்தில் இதையும் எழுதுங்க: ஏசிஎல் உள்ள இடத்தில் எல்எஸ் காட்டும் நடு எண் குரூப்பின் உரிமை இல்லை, அது மாஸ்க், ஏசிஎல் உரிமைகளின் உச்ச வரம்பு. வரிசையின் முடிவில் ஒரு கூட்டல் குறி இருந்தால் கெட்எஃப்ஏசிஎல் பார்க்காமல் எண்ணை மாத்தக் கூடாது. யாராச்சும் 700 என்று போட்டால் மாஸ்க் காலியாகி, ஏசிஎல் வரி அப்படியே இருந்தும் ஓனரையும் ரூட்டையும் தவிர ஒருத்தரும் உள்ளே போக முடியாது.

லாக் பிரச்சினைக்கு வருவோம். ரொட்டேட் ஆகாததுக்குக் காரணம் /ஈடிசி/லாக்ரொட்டேட்.டி-க்குள் இருக்கும் ஃபைல்கள். குரூப்போ மற்றவர்களோ எழுதக்கூடிய அமைப்பு ஃபைலை லாக்ரொட்டேட் படிக்காமல் ஒதுக்கிவிடும். யார் வேணாலும் எழுதலாம் என்றால் ரூட்டாக ஓடும் கட்டளையையும் அதில் எழுதிடலாமே. எல்லாத்தையும் 644, ரூட் ரூட் ஆக்குங்க. /ஈடிசி/கிரான்.டி-யையும் (நேரம் குறிச்சு ஓடும் வேலைகள்) பாருங்க, அங்கேயும் இதே விதி. 777 ஆன கிரான் ஃபைல் ஓடாது.

/வார்/லாக்-ஐ உள்ளே வரைக்கும் ஒரே எண்ணால் சரிசெய்யாதீங்க. சிஸ்லாக், ஆத் லாக் இரண்டும் 640, ஓனர் சிஸ்லாக், குரூப் ஏடிஎம். ஜர்னல் டைரக்டரி 2755. போஸ்ட்கிரெஸ் லாக் டைரக்டரி 1775, குரூப் போஸ்ட்கிரெஸ். டபிள்யூடெம்ப் (யார் உள்ளே வந்தாங்க என்ற பதிவு) 664, பிடெம்ப் (நுழைய முயன்று தோற்ற பதிவு) 660. சிஸ்டம்டி-டெம்ப்ஃபைல்ஸ் கட்டளையை கிரியேட் தெரிவோடு ஓட்டினால் /வார்/லாக்-உம் முக்கிய லாக்குகளும் தானாகத் திரும்பும். மீதியைக் கையால். பூட் ஆகும்போதும் இதே வேலை நடக்கும். பூட் ஆன பிறகும் /வார்/லாக் 777-ஆகத் தெரிஞ்சால், ஏதோ ஸ்கிரிப்ட் மறுக்கா மறுக்கா மாத்துதுன்னு அர்த்தம். கிரான்டேபில் சிஎச்மாட் என்று தேடிப் பாருங்க.

---

நொய்யல்கரை எழுதியது:

கூடுதுறை அண்ணா சொன்ன வரிசையில் ஒரு ஃபோல்டருக்குச் செய்தாச்சுங்க. லாக் ரொட்டேட் ஆயிடுச்சு. இரண்டு சிக்கல். விண்டோஸிலிருந்து சேமிச்ச புது ஃபைல் டிசைன் குரூப்பில்தான் விழுது, ஆனால் அடுத்தவங்களால் படிக்க மட்டும்தான் முடியுது. இன்னொன்று, /ஹோம்-இலிருந்து எம்வி கட்டளையால் நகர்த்தின ஒரு ஃபோல்டர் பழைய குரூப்பிலேயே இருக்குது.

---

சென்னிமலை எழுதியது:

முதலாவது சாம்பாவின் இயல்பு. அதன் கிரியேட் மாஸ்க் முன்னிருப்பு 0744, டைரக்டரி மாஸ்க் 0755. இரண்டிலும் குரூப்புக்கு எழுத்து இல்லை. லினக்ஸ் பக்கம் எவ்வளவு சரியா வச்சாலும் சாம்பா இதை வச்சு வெட்டிவிடும். அந்த ஷேரின் பகுதியில் கிரியேட் மாஸ்க் 0660, டைரக்டரி மாஸ்க் 2770, ஃபோர்ஸ் டைரக்டரி மோட் 2770 என்று எழுதி, டெஸ்ட்பார்ம் ஓட்டிப் பிழை இல்லைன்னு பார்த்துட்டு சாம்பாவை ரீலோட் பண்ணுங்க. ஆவணத்தில் /எஸ்ஆர்வி/டிசைன் பதிவுக்குக் கீழேயே இந்த மூணு வரியையும் சேருங்க. பெர்மிஷன் இரண்டு இடத்தில் தீர்மானமாகுது, ஒரு இடத்தை மட்டும் எழுதினால் பாதி ஆவணந்தான்.

இரண்டாவதில் பிழை ஒன்றும் இல்லை. 2 என்ற கொடி அந்த டைரக்டரிக்குள் புதுசா உண்டாவதுக்கு மட்டுந்தான். ஒரே டிஸ்க்குக்குள் எம்வி எதையும் புதுசா உண்டாக்காது, பெயரை மட்டும் இடம் மாத்தும். அதனால் பழைய குரூப், பழைய எண், ஏசிஎல் இல்லாமை எல்லாம் கூடவே வரும். "இங்கே நகர்த்தாதே, காப்பி எடுத்து வை, பிறகு பழையதை நீக்கு" என்று ஆவணத்தில் ஒரு வரி. காப்பி எடுக்கும்போது சிபி-க்கு ஏ, பி தெரிவுகள் போடக் கூடாது; அவை பழைய உரிமையைத் தூக்கிக்கொண்டு வரும்.

---

கோபி_வாய்க்கால் எழுதியது:

எங்க பக்கம் அல்மாலினக்ஸ் (உபுண்டு அல்லாத இன்னொரு லினக்ஸ்) வச்சிருக்கிறவங்க இந்த எண்களை அப்படியே எடுத்துக்காதீங்க. அங்கே /ஈடிசி/ஷேடோ 000, /ரூட் 550, ரூட் டைரக்டரியே 555. ஆடிட்டில் இதைப் பார்த்து யாராச்சும் "சரிசெய்து" விடக் கூடாதுன்னு எழுதி வையுங்க.

இன்னொன்று எஸ்இலினக்ஸ், எண்ணோடு லேபிளையும் சோதிக்கும் கூடுதல் காவல். எண் சரியா இருந்தும் சாம்பா எழுத மறுத்தால் எல்எஸ்-க்குப் பெரிய இசட் தெரிவு போட்டு லேபிளைப் பாருங்க. சாம்பா ஷேர் டைரக்டரிக்கு சாம்பா_ஷேர்_டி என்ற லேபிள் வேணும். சிஎச்கான் கொண்டு மாத்தினால் அடுத்த ரீலேபிளில் போயிடும்; செமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட்டில் பதிஞ்சுட்டு ரீஸ்டோர்கான் ஓட்டணும். ஆவணத்தில் லேபிளுக்கு ஒரு வரி கூடுதலாகும்.

ஆர்பிஎம் (அல்மாலினக்ஸின் பேக்கேஜ் கருவி) உள்ள மெஷினில் ஒரு வசதி: ஆர்பிஎம் பெரிய வி, சிறிய ஏ ஓட்டினால் பேக்கேஜ் வச்ச எண்ணிலிருந்து மாறினது எல்லாம் எம் என்ற எழுத்தோடும், ஓனர் மாறினது யூ என்ற எழுத்தோடும் வரும். உபுண்டுவில் டிபிகேஜி வெரிஃபை உள்ளடக்கத்தைத்தான் ஒப்பிடும், பெர்மிஷனைப் பார்க்காது. அங்கே வேணும்னே மாத்தினதை டிபிகேஜி-ஸ்டாட்ஓவர்ரைடில் பதிஞ்சு வையுங்க. பேக்கேஜ் அப்டேட் ஆனாலும் உங்க எண் நிற்கும், என்னென்ன மாத்தியிருக்குன்னு அதன் லிஸ்ட் தெரிவே சொல்லும்.

---

கூடுதுறை எழுதியது:

பேக்கப் டிஸ்க்கை யாரும் தொடலை. அது எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மட் ஆனதுன்னா அதில் ஓனரும் இல்லை, பெர்மிஷனும் இல்லை. மவுண்ட் செய்யும்போது கொடுக்கும் யூஐடி, ஜிஐடி, எஃப்மாஸ்க், டிமாஸ்க்தான் எல்லா ஃபைலுக்கும் ஒரே மாதிரி தெரியும். அதிலிருந்து திருப்பி எடுத்தால் /எஸ்ஆர்வி முழுக்க ஒரே ஓனரில் வந்து நிற்கும். டார் கோப்பாகக் கட்டி வைங்க, ஏசிஎல் தெரிவையும் சேர்த்து. இல்லைன்னா டிஸ்க்கை எக்ஸ்ட்4 ஆக்குங்க. எதுவாக இருந்தாலும் கெட்எஃப்ஏசிஎல் எடுத்த ஃபைலும் ஒவ்வொரு இரவும் பேக்கப்போடு போகட்டும்.

மவுண்ட் ஆகும் டைரக்டரிக்கும் ஒரு பதிவு எழுதணும். டிஸ்க் செருகாத இரவில் பேக்கப் ஸ்கிரிப்ட் அந்த வெறும் டைரக்டரிக்குள்ளேயே எழுதி, சர்வரின் சொந்த டிஸ்க்கை நிரப்பிடும். 000 போட்டாலும் ரூட்டைத் தடுக்காது. டிஸ்க்கைக் கழட்டின நிலையில் அந்த டைரக்டரிக்கு சிஎச்ஏட்டிடிஆர் கட்டளையால் கூட்டல் ஐ போடுங்க. ரூட்டும் உள்ளே எழுத முடியாது, மவுண்ட் ஆவதை அது தடுக்காது. மவுண்ட் ஆன பிறகு அங்கே தெரிவது டிஸ்க்கின் பெர்மிஷன், அடியில் இருக்கும் டைரக்டரியுடையது இல்லை. ஆவணத்தில் இரண்டையும் தனித்தனியாக எழுதுங்க.

ஆவணத்தை வேர்டில் வைப்பதைவிட நல்ல வழி ஒன்று இருக்கு. /ஈடிசி/டெம்ப்ஃபைல்ஸ்.டி-க்குள் உங்க பெயரில் ஒரு கான்ஃப் ஃபைல். வரிக்கு ஒரு டைரக்டரி: வகை டி, பாதை, எண், ஓனர், குரூப், வயது. ஒவ்வொரு வரிக்கு மேலேயும் # போட்டு சென்னிமலை அண்ணா காட்டின பயன், ஏன், மாறினால் மூணையும் தமிழிலேயே எழுதலாம். யுடிஎஃப்-8 என்பதால் குழப்பம் இல்லை. பூட் ஆகும்போதெல்லாம் அந்த டைரக்டரி அதே எண்ணுக்குத் திரும்பும். எழுதினதும் நடப்பதும் ஒன்றாகவே இருக்கும். வயது என்ற இடத்தில் ஒரு சிறு கோடு மட்டும்தான் இருக்கணும். அங்கே 10டி என்று போட்டுட்டால் பத்து நாளுக்கு மேல் யாரும் தொடாத டிசைன் எல்லாம் குப்பை என்று கருதி அழிச்சிடும். அந்த எச்சரிக்கையை ஃபைலின் முதல் வரியில் எழுதுங்க.

ஆடிட்டுக்குத் தினசரிச் சான்று வேணும்னா ஃபைண்டின் பிரிண்ட்எஃப் தெரிவில் %எம் %யூ %ஜி %பி கொடுத்து, நாலும் சிறிய எழுத்து, டைரக்டரிகளை மட்டும் எடுத்து சார்ட் செய்து தேதியோடு சேமிங்க. நேற்றையதோடு டிஃப் ஓட்டினால் மாறின வரி மட்டும் வரும். அதோடு எல்லாரும் எழுதக்கூடிய டைரக்டரிகளைத் தேடும் ஓட்டம் ஒன்று: வகை டி, பெர்ம் -0002, ஆனால் -1000 இல்லாதவை, எக்ஸ்டெவ் தெரிவோடு. எக்ஸ்டெவ் போட்டால் வேறு டிஸ்க்கில் இருக்கும் /எஸ்ஆர்வி விட்டுப்போகும், அதற்குத் தனியா ஒரு தடவை ஓட்டணும். வகை டி-யையும் மறந்துடாதீங்க. /பின், /லிப் எல்லாம் உபுண்டு 22.04-இல் /யுஎஸ்ஆர்-ஐக் காட்டும் சிம்லிங்க்குகள், சிம்லிங்க் எப்பவும் 777 என்றுதான் தெரியும். வகை கொடுக்காமல் ஓட்டின பட்டியலை ஆடிட்டர் கையில் கொடுத்தால் நூத்துக்கணக்கான 777-க்கு நீங்க பதில் சொல்லிட்டு நிற்கணும்.